ஐயா, ஏயா?

நான் கடைசியாக வேலை பார்த்த அச்சகத்தில் இளவட்டங்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: ‘ஐயா ஏயா’. மரியாதைக்கு ஐயா போட்டுவிட்டு, கூடவே ‘ஏய்யா’ என்று நக்கலும் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம்கூட வந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. புரூப் பார்க்கும்போது சந்தேகம் வந்தால் “இது ஐயா, ஏயா?” என்று கேட்பது என் வழக்கம். எழுத்தில் இருப்பது ஐகாரமா, ஏகாரமா என்று அர்த்தம். ‘தம்பியை அடித்தான்’ என்றால் தம்பி அடி வாங்கியவன். ‘தம்பியே அடித்தான்’ என்றால் தம்பி அடி கொடுத்தவன். நடுவில் இருப்பது ஒரே ஒரு கொம்பு. இதற்காக மெஷினை நிறுத்துகிறேன் என்று என்மேல் அவர்களுக்கு எரிச்சல்.

ஓய்வு பெற்ற அன்று டீயும் வடையும் கொடுத்துவிட்டு, “அந்த ஐயா ஏயா எங்கேருந்துண்ணே பிடிச்சீக?” என்று கேட்டார்கள். மாலையும் கழுத்துமாக நிற்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பழங்காநத்தம். வயல் இருந்தது, வயலுக்கு அண்ணன்மாரும் இருந்தார்கள். சேற்றுக்குப் பயந்துதான் நான் அச்சகத்துக்கு வந்தேனே தவிர, எழுத்துமேல் எனக்கு ஒரு காதலும் கிடையாது. பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கை பழகியது, ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிக்கக் கண் பழகியது, இதையெல்லாம் விவரித்தால் கொட்டாவி விடுவீர்கள். நேரே ஞானமுத்து ஐயாவிடம் போய்விடலாம்.

மதுரையில் மாசி வீதிகளுக்கு நடுவில் ஒரு சந்தில் இருந்தது எங்கள் அச்சகம். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, லேகிய விளம்பரம், கோயில் திருவிழா அழைப்பு என்று எது வந்தாலும் அடிப்போம். முதலாளி திருநீறு பூசாமல் கல்லாவில் உட்கார மாட்டார். ஆனால் போர்மேனாகவும் புரூப் பார்ப்பவராகவும் அவர் வைத்திருந்தது ஞானமுத்து ஐயாவை. ஐயா மிஷன் சபைக்காரர். சபை என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் அவர் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் புரூப் பார்க்கிற அழகே தனி. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். புரூப் தாளைச் சாய்பலகையில் வைத்து, வரிக்குக் கீழே ஒரு மரச்சட்டத்தை நகர்த்திக்கொண்டே உரக்க வாசிப்பார். எதிரே நான் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். பிரதிக்கு எங்கள் பேச்சில் ‘காப்பி’ என்று பெயர். எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது அவருக்கு, குறிகளையும் வாசிப்பார். ‘கமா’ என்னும்போது தலை லேசாக அசையும். ‘புல்ஸ்டாப்’ என்னும்போது பென்சில் பலகையில் ஒரு தட்டு தட்டும். கேள்விக்குறிக்குப் புருவம் ஏறும். வேத வசனமானாலும் சரி, மூல லேகியமானாலும் சரி, வள்ளி திருமண நாடக நோட்டீஸானாலும் சரி, ஒரே குரல்தான், ஒரே பயபக்திதான். லேகியத்துக்கு எதற்கு இவ்வளவு பக்தி என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. “காப்பிதான் நமக்கு வேதம். அதுல இருக்கிறத மாத்த நமக்கு அதிகாரமில்ல. சந்தேகமா இருந்தா எழுதினவரக் கேளு.” இதை மீறி அவர் ஒரு எழுத்தையும் மாற்றி நான் பார்த்ததில்லை.

அப்படியிருக்கையில் ஒரு பங்குனி மாதம் தாவீது வந்து சேர்ந்தார். பேரையூர்ப் பக்கத்தில் மிஷன் சபையின் உபதேசியாராக இருந்தவர். ஒல்லியான ஆள், தொண்டை மட்டும் பெரிசு. குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்தில் இல்லை, பெரியவனாகி விசுவாசித்து, தண்ணீரில் முழுகினால்தான் செல்லும் என்று சொல்லி, சபையை விட்டே வெளியேறியவர். கூடவே இரண்டு மூன்று ஊர்ச் சனங்களும் வெளியே வந்துவிட்டார்கள். எல்லாரும் கூலிக்கு வயல் வேலை செய்கிறவர்கள். மிஷன் அச்சகத்தில் இவருடைய காப்பியைத் தொடக்கூட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எங்களிடம் வந்தார். சின்னப் புத்தகம்தான். தலைப்பு: ‘தெளிப்பா, முழுக்கா?’

முதலாளி, “சாமி யாரா இருந்தா நமக்கென்ன? காப்பி தெளிவா இருக்கணும், அம்புட்டுத்தேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். காப்பிதான் தெளிவாக இல்லை. தாவீதின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

அவரைப் பார்த்ததும் ஞானமுத்து ஐயாவின் முகம் கறுத்தது. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐயாவின் ஒரே மகள் ஜெபமணி கைக்குழந்தையாக இருந்தபோது, மிஷன் கோயிலில் அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அன்று பாதிரியாருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞர் இதே தாவீதுதான். அந்தக் கிண்ணம் செல்லாது என்று இப்போது புத்தகம் போட வந்திருக்கிறார்.

“ஞான ஸ்நானம்னு நீங்களே சொல்றீகளேண்ணே. ஸ்நானம்னா என்ன? குளிக்கிறதா, தெளிக்கிறதா?” என்று தாவீது கேட்டார்.

“காப்பிய வச்சிட்டுப் போரும். என்னைத்தான் மொதல்ல முழுக வைக்கணும்னு நெனைக்காதயும்” என்றார் ஐயா.

எழுத்துக் கோக்கிறவர்களுக்கு அந்த வாரம் முழுக்கக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் ‘முழுக்கு’ என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வேண்டுமானாலும் பேசலாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகலாம். வேலைக்கு முழுக்குப் போடலாம். உருப்படாத பிள்ளையைத் தலைமுழுகிவிடலாம். கல்யாணமான பெண் முழுகாமலும் இருக்கலாம். நாகலிங்கம் என்று ஒரு கம்பாசிட்டர் இருந்தான். சந்திப் பிழை எங்கே என்று தேடி அலைகிறவன் என்பதால் புலவர் என்று கூப்பிடுவோம். அவன் இந்த எல்லாவற்றையும் வைத்து ஒரு பாட்டே கட்டினான். கடைசிப் பக்கத்தைக் கோத்ததும் அவன்தான்.

புரூப் அன்று ஐயா வழக்கம்போலக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். தன் நம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிக்கிற புத்தகத்தை, அதே பயபக்தியோடு வாசித்தார். “குழந்தைக்குத் தெளிப்பது செடிக்குத் தெளிப்பதற்குச் சமம், புல்ஸ்டாப்.” பென்சில் ஒரு தட்டு. அந்தத் தட்டு மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தது. ஆனால் ‘குழந்தைக்குத்’ என்பதில், காப்பியில் இருந்து கோக்கும்போது விட்டுப்போன ‘த்’தை அவர்தான் போட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைசிப் பக்கம் வந்தது. முழுக்கு எடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்கிற அறிக்கை. கீழே அத்தனை பேர் பெயரும் வரிசையாக இருக்கிறது. ஐயா வாசித்தார். “இயேசுவைத் தலைமுழுகினோம்.”

பென்சில் தட்டவில்லை. சட்டமும் நகரவில்லை.

இயேசுவில் முழுகியவர்கள் என்று சொல்ல வந்த சனங்கள், இயேசுவையே கைகழுவிவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! இது மட்டும் வெளியே போனால் மதுரை ஜில்லா முழுக்கச் சிரிக்கும். சாகிற வரைக்கும் அந்தச் சனங்கள் தெருவில் தலைகாட்ட முடியாது.

“காப்பியில என்ன இருக்கு சோலை?” என்றார்.

பார்த்தேன். ‘இயேசுவே’ என்றும் வாசிக்கலாம், ‘இயேசுவை’ என்றும் வாசிக்கலாம். தாவீதின் கொம்பு இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றது. ‘லை’, ‘னை’ மாதிரி எழுத்தென்றால் அந்தக் காலத்தில் தும்பிக்கை வைத்த தனி எழுத்து வரும், குழப்பமே இருக்காது. வகரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் புலவர் அதை ‘வை’ என்று எடுத்துக்கொண்டு, காப்பியில் இல்லாத ‘த்’தையும் இலக்கண சுத்தமாகச் சேர்த்துவிட்டான். பிழை பிழையாகத் தெரியாதபடி அவ்வளவு லட்சணமாக வந்திருந்தது.

“ஐயா... ஐயா, ஏயா, ஒண்ணும் தெரியல” என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கையா வாத்தியார் உள்ளே நின்றுகொண்டிருந்தார். மிஷன் சபையின் காரியதரிசி அவர்தான். பள்ளிக்கூடக் கேள்வித்தாள் வேலையாக வந்தவர். ஐயாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஞானமுத்து, இதத் தொடாதீக. இது பிழையில்ல, நியாயத்தீர்ப்பு.”

“எழுதினவர ஒரு வார்த்தை கேக்கணுமே” என்றார் ஐயா.

“எதுக்குக் கேக்கணும்? காப்பியப் பார்த்தா அப்படித்தான இருக்கு? காப்பிதான வேதம்பீக?” என்று அவர் சட்டத்தையே அவர்மேல் திருப்பினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார். “வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு மொத ஓலை. ஞாபகம் இருக்குல்ல? பிரிஞ்சு போனவங்களுக்கு ஒத்தாசை பண்றவர் வீட்டு ஓலைய வாசிக்கலாமான்னு கமிட்டியில ஏற்கெனவே பேச்சு இருக்கு. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.”

எங்கள் சாதிசனத்தில் ஓலை வாசிப்பது கிடையாது. அதனால் அன்று எனக்கு விவரம் தெரியாது. கிறிஸ்தவர்கள் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை பெண் பெயரைக் கோயிலில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். ஓலை வாசிக்காமல் பாதிரியார் தாலியைத் தொட மாட்டார். ஜெபமணிக்கு மாப்பிள்ளை அமைந்ததே பெரும்பாடு. ஓலை நின்றால், பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் பேசும்.

வாத்தியார் கிளம்பிப் போனார். சித்திரைத் திருவிழா நோட்டீஸ் வேலை தலைக்கு மேல் கிடந்தது. பாரம் என்று நாங்கள் சொல்கிற, கோத்துப் பூட்டிய இந்தப் பக்கங்களை மறுநாள் அடித்து, எழுத்தைக் கலைத்துக் கொடுத்தால்தான் அதற்கு எழுத்து கிடைக்கும். அதனால் தாவீது வருகிற வரை காத்திருக்கவும் முடியாது. பேசாமல் ‘வே’ என்று மாற்றிவிடுங்கள் ஐயா என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மாற்றுவதும் அவர் சட்டத்தில் இல்லை, விட்டுவிடவும் மனசில்லை.

கடைசியில் எழுந்து கோட்டை மாட்டினார். “காலைல வெள்ளனமே வா. பேரையூர் போறோம்.”

திருமங்கலம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஐயா புரூப்பை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்து, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எங்களோடு இறங்கி, நாங்கள் எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். சேதி எங்களுக்கு முன்னால் மதுரைக்குப் போய்விடும் என்று ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தாவீது புரூப்பைப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டார். “ஐயோ அண்ணே! ‘இயேசுவே’ன்னுல்ல எழுதினேன்!”

“நீர் எழுதினது ரெண்டுக்கும் பொதுவா இருக்கு. இத மொதல்ல சொன்னது யாரு?”

“எஸ்தர். மார்கழில, தண்ணிக்குள்ளேருந்து எந்திரிச்சதும் கத்துனா. அதையே எல்லாரும் சொன்னாக. அதான் போட்டேன்.”

“அப்ப அந்தம்மாவத்தான் கேக்கணும்.”

எஸ்தர் கண்மாய்க் கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். மேலத் துறைப் படியில் அவள் சனம் இறங்கக்கூடாது என்பதால், மறுகால் பக்கம் பள்ளத்தில்தான் முழுக்கு எடுத்தார்களாம். “இப்ப மொழங்கால் தண்ணிதேன். அன்னைக்குக் கழுத்து மட்டும் கெடந்துச்சு” என்று கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினாள். ஐயா, எதற்காக வந்தோம் என்பதை அவளுக்கு விளக்கிச் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கோபப்பட்டாள்.

“ஏசுவே!ன்னு கூப்புட்டேன் சாமி. ஊரு ஏச்செல்லாம் வாங்கிக்கிட்டு, அவரத் தலமுழுகவா அம்புட்டுக் குளுருல எறங்குனேன்? நான் தலமுழுகுனது எம் பழைய பேர. பண்ணையில எருமையையும் கருப்பின்னுதேன் கூப்புடுவாக, என்னையும் கருப்பின்னுதேன் கூப்புடுவாக. ரெண்டு பேரும் திரும்பிப் பாப்போம்.”

எங்கள் வீட்டு எருமைக்கும் அதே பெயர்தான். நான் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐயா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அட்டையை முழங்காலில் வைத்து, ஐகாரக் கொம்பை அடித்து ஏகாரக் கொம்பு போட்டார். புலவரின் ‘த்’தையும் அடித்தார். கொஞ்சம் யோசித்து, ‘இயேசுவே’க்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டார்.

“அது காப்பியில இல்லியே ஐயா” என்றேன்.

“அந்தம்மா குரல்ல இருந்துச்சே” என்றார்.

அவர் காப்பியை மீறியதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

தாவீது பஸ் வரை கூடவே வந்தார். ஓலை விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “அண்ணே, என்னால பாப்பா கல்யாணம் நின்னுறக் கூடாது. அவங்க முடியாதுன்னா நாங்க நடத்தி வைக்கிறோம்.”

ஐயா நின்று திரும்பினார். “எம் மகளுக்குக் கிண்ணம் பிடிச்சதும் நீர்தான். அது செல்லாதுன்னு அச்சடிக்கிறதும் நீர்தான். ரெண்டுல ஒண்ணத் தலமுழுகிட்டு வாரும், கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசுவோம். நீர் சொல்றது தப்புன்னுதான் நான் இப்பவும் நெனைக்கிறேன்.”

புத்தகம் ஒழுங்காக வெளியே வந்தது. அந்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஐயா கையைக் கழுவிவிட்டு, “வாசிக்கல” என்று மட்டும் சொன்னார். அழகர் புறப்பாட்டு நோட்டீஸை எடுத்து அதே குரலில் கமா புல்ஸ்டாப்போடு வாசிக்கத் தொடங்கினார். மத்தியானம் ஜெபமணி சாப்பாடு கொண்டுவந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி வாசித்தாள். முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “பாவம்ப்பா அந்தச் சனங்க” என்றாள். பிறகு, சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணத்தைப் பற்றி அப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனிமேல் பிரிந்து போனவர்கள் வேலையைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஓலை வாசிக்கலாம் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். ஐயா எழுதிக் கொடுக்கவில்லை. கோடைக்குக் கொடைக்கானல் போயிருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஆனியில் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கமிட்டிக்கு என்ன சொன்னாரோ தெரியாது, முதல் ஓலை அடுத்த ஞாயிறே என்று ஆயிற்று. நல்லவேளையாக மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுத்திருந்தார்கள்.

அன்று நான் கோயிலுக்குப் போயிருந்தேன். உள்ளே போகக் கூச்சம், வாசற்படியோரம் நின்றேன். பக்கத்தில் யாரோ நிற்கிறார்களே என்று பார்த்தால் தாவீதும் எஸ்தரும். அவர்களும் உள்ளே போகவில்லை.

நம் ஊர்ப் போதகர்தான் ஓலையை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், ஊர், தகப்பன் பெயர். “...இந்தச் சபையைச் சேர்ந்த ஞானமுத்து அவர்களின் குமாரத்தி ஜெயமணிக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை இருந்தால் சொல்லலாம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் தங்கையா வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போது ஞானமுத்து ஐயா எழுந்து நின்றார்.

“தடை இருக்குதுங்கையா.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஜெபமணி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த மனுஷன் என்ன காரியம் செய்கிறார்?

“ஜெயமணி இல்லீங்க. ஜெபமணி. யகரம் இல்ல, பகரம்.”

போதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓலையை உற்றுப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அப்புறம் கோயிலே சிரித்தது, தங்கையா வாத்தியார் உட்பட. போதகர் பென்சில் கேட்டு வாங்கித் திருத்திக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தார். ஜெபமணி என்ற இடத்தில் நிறுத்தி, ஐயாவைப் பார்த்து, “இப்பத் தடை உண்டா?” என்றார்.

“இப்ப இல்லீங்க” என்று ஐயா உட்கார்ந்தார்.

வெளியே எஸ்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எதுக்கு எந்திரிச்சாரு? என்ன சொல்லுதாரு?” என்று தாவீதின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

தாவீது சிரிக்கவில்லை. அவள் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“மகளுக்கு வச்ச பேரு அதில்லைங்கிறாரு. நெசந்தான். அந்தப் பேர வச்சப்ப, கிண்ணம் எங் கையிலதான் இருந்துச்சு.”